விரதம் இருந்த பூதம்

உடுப்புக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை முதலில் மறந்துபோவது அந்த உடுப்பைத் தைத்தவர்தான். மற்றவர்கள் பூதத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள், சிரிப்பார்கள். நாங்கள் தையல் இழுக்கிறதா, ரோமம் படிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். தையலைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதை மெஷினும் உங்கள் கையும் சொல்லித் தரும். ஒரு காலை நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் பழைய களஞ்சியம் ஒன்றைப் பட்டறையாக்கி, படங்களுக்கு மிருகங்களும் பூதங்களும் செய்துகொண்டிருந்தார்கள். நான் அதற்கு முன் ஜன்னல் திரைச்சீலை தைக்கும் இடத்தில் இருந்தேன். அங்கே வேலை குறைந்தபோது, தடித்த ரப்பர் நுரையைத் தைக்கக்கூடிய கை தேவையாம் என்று இங்கே அனுப்பினார்கள். முதல் நாள் என்னிடம் தந்தது ஒரு பூதத்தின் தொடை. ஹில்ஸ்பரோவுக்கு வீடு திரும்பி, "இண்டைக்குப் பூதத்துக்குத் தொடை தைச்சனான்" என்று என் கணவரிடம் சொன்னேன். "வடிவாத் தையும். நடக்கேக்க பிரிஞ்சால் உம்மைத்தான் தேடி வரும்" என்றார்.

நோர்வேயிலிருந்து வந்த படக்குழு அது. அவர்கள் ஊரில் குளங்கள் உறையத் தொடங்கும் காலத்தில் இங்கே வசந்தம். அதனால் வந்திருந்தார்கள். கதை அவர்களுடைய பழங்கதை. காட்டுக் குளங்களுக்குள் ஒரு பூதம் இருக்குமாம். பிடில் வாசித்து ஆட்களைக் கூப்பிடுமாம். சிலவேளை வெள்ளைக் குதிரையாகக் கரையில் நிற்குமாம். ஏறினவரைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் அமிழ்த்திவிடுமாம். இயக்குநர் நெடிய தாடிக்காரர், அதிகம் கதைக்காதவர். பட்டறைக்கு வந்து ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னார். சின்ன வயதில் தான் குளத்துப் பக்கம் போகாமல் இருக்கத் தாய் சொன்ன கதை என்றார். பிள்ளைகள் தண்ணீரில் விழாமல் இருக்க எல்லா ஊர்த் தாய்மாருக்கும் ஒரு பூதம் தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் பிடித்த இடம் மேற்குப் பக்கத்தில், பைன் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு குளம். மரம் போல வளரும் பெரணியான பன்னமரம் நோர்வேயில் கிடையாது. அதனால் கரையில் நின்ற பன்னமரங்களுக்கெல்லாம் கறுப்புத் துணி சுற்றிக் கட்டினோம். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பார்த்தால் ஆக்லாந்து என்று யாரும் சொல்ல முடியாது.

பூதத்துக்குள் இருந்தவர் பாலன். முப்பது வயது, நல்ல உயரம், ஒல்லி. பாபகூராவில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்தவர். தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கக்கூடிய நெடிய ஆள் வேண்டும் என்று பட்டறையில் தேடியபோது, எங்கள் தமிழ்ச் சனம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் அவரிடம் நான்தான் கேட்டேன்.

"தம்பி, தண்ணிக்குள்ள மூச்சுப் பிடிப்பீரோ?"

"கடற்கரையில பிறந்தனான் அக்கா. ஏன், ஆரும் விழுந்திட்டினமோ?"

"இல்லை. படத்தில பூதமா நிக்க வேணுமாம்."

"டயர்க் கடையில கரியோட நிக்கேக்கையும் அப்பிடித்தான் இருக்கிறன். வாறன்."

அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில், விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். பாலன் இங்கே வந்த பிறகு பிறந்த மகள் ஒருத்தி. பெயர் ஆரணி. பிள்ளையைப் புகைப்படத்தில் மட்டும் கண்டவர். பூதத்தின் தலையைக் கழற்றியதும் அவர் வாயில் முதலில் வருவது ஆரணியின் கதைதான். ஆரணிக்குப் பல்லு முளைச்சிட்டுது, ஆரணி தவளுறாள் என்று படப்பிடிப்பில் இருந்த எல்லோருக்கும் சொல்லுவார். தமிழ் தெரியாத ஒளிப்பதிவாளர்கூட காலையில் "ஆரணி எப்படி?" என்று கேட்பார்.

அந்த உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் நுரையும் வலையும், அதன்மேல் பாசி போலத் தொங்கும் நார்களும். தண்ணீர் ஊறினால் நுரை கல்லுப் போலப் பாரமாகிவிடும். குளத்தின் அடியில் நடப்பதற்காக இடுப்பில் ஈயக்கட்டிப் பட்டி. கைகளில் நீண்ட ரப்பர் விரல்கள். அவற்றை வைத்துக்கொண்டு அவரால் தன் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. தலை தனி. அதைப் பின்கழுத்தில் கொக்கிகளால் பூட்டி, பொய்மயிரால் மறைத்துவிடுவோம். பூட்டுவதும் திறப்பதும் என் வேலை. ரப்பர்க் காற்சட்டை போட்டுக்கொண்டு அவரோடு தண்ணீருக்குள் இறங்கி, முதுகுப் பக்கம் நின்று, கமரா ஓடப்போகும் நேரத்தில் விலகிக்கொள்வேன். தூரத்தில் கமராவுக்குத் தெரியாமல் ஒரு முக்குளிப்பவர் இருப்பார். ஏதும் பிழை என்றால் பாலன் வலது கையைத் தூக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு.

எங்கள் பட்டறையின் தலைவர் வயதான வெள்ளைக்காரர். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். குளத்துக்குப் போகும் முன் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "தலையைப் பூட்டிய நேரத்திலிருந்து ஆள் உன்னுடைய ஆள். நீ அவர் முதுகிலிருந்து கையை எடுத்தால் அவரைத் தண்ணீரிடம் கொடுக்கிறாய். யோசித்து எடு."

படப்பிடிப்பின் கடைசி வாரம் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். நான் பகலெல்லாம் ஒன்றும் எடுக்காமல் பின்னேரம் பாலும் பழமும் எடுப்பேன். கலியாணம் முடித்த வருடத்தில், பிள்ளை வரம் கேட்டுப் பிடிக்கத் தொடங்கியது. முருகன் ஒரு மகனைத் தந்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. இடம்பெயர்ந்து நின்ற வருடங்களிலும் விடவில்லை. விட்டால் தந்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். தாய்மாருக்கு இது விளங்கும்.

விரதத்தின் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, உடுப்புக் கூடாரத்துக்குப் பின்னால் வாத்துகள் கூட்டமாக நிற்பதைக் கண்டேன். குளத்தில் அவ்வளவு இடம் இருக்க, ஏன் எங்கள் கூடாரத்தடியில் நிற்கின்றன என்று பார்த்தேன். பாலன் காலைச் சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தார். ரொட்டியும் முட்டையும் ஒவ்வொரு துண்டாக வாத்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் தட்டைப் பின்னால் மறைத்தார்.

"எத்தினை நாளா?"

"தொடக்கத்திலயிருந்து."

"என்ன எடுக்கிறீர்?"

"மிளகும் தண்ணியும்."

"பால்?"

"இல்லை அக்கா. விசா முடிவு இந்த மாதம் சொல்லுறாங்களாம். ஆரணிக்காக நேர்ந்திட்டன்."

எனக்கு ஒரு பக்கம் பயம். மறு பக்கம் சிரிப்பும் வந்தது. "உலகத்திலேயே முருகனுக்கு விரதம் பிடிக்கிற முதல் சூரன் நீர்தான்" என்றேன்.

"பகல்ல அவருக்கு எதிரி, இரவில அவருக்கு அடியார். இரண்டு சம்பளம்" என்று அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "ரீட்டாவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா. சொன்னால் தண்ணிக்குள்ள இறக்காயினம். விரதமும் இல்லை, வேலையும் இல்லை" என்றார்.

ரீட்டா படப்பிடிப்பின் தாதி. மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர். கிறிஸ்தவ வேதக்காரி, நல்ல கலகலப்பான பிள்ளை. தினமும் காலையில் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, "நல்லாருக்கீங்களா, சாப்டாச்சா?" என்று கேட்பார். பாலன் வெறுந்தட்டைக் காட்டுவார். வாத்துகளைப் பற்றி ரீட்டாவுக்கு எப்படித் தெரியும்?

"பின்னேரம் பாலாவது எடும். நானும் எடுக்கிறன்தானே. முருகன் என்ன, என்னைத் தள்ளியே வைச்சிட்டார்?"

"ஓம் அக்கா. எடுக்கிறன். நீங்கள் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன். விரத நாளில் ஒரு விரதக்காரருக்குக் கொடுத்த வாக்கு.

ஆறாம் நாள் காலை, இயக்குநர் நெடுநாளாகக் காத்திருந்த மூடுபனி விழுந்தது. பைன் மரங்களின் கால்கள் தெரியவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. குளத்தின் நடுவிலிருந்து பூதம் மெல்ல மெல்ல எழும்பி வரும் காட்சி அது. படத்தில் பூதத்தை முழுதாகக் காட்டும் முதல் காட்சி. மூடுபனி கலைந்தால் அவ்வளவுதான், மறுநாள் குழு குளத்தை விட்டுப் போகிறது. எல்லோரும் கிசுகிசுத்த குரலில் கதைத்துக்கொண்டு ஓடினார்கள்.

பட்டியை இறுக்கும்போது வழக்கமான துளையில் நிற்கவில்லை. இன்னும் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. விரல்களை ரப்பர் விரல்களுக்குள் விட்டபோது அவர் கை குளிர்ந்து கிடந்தது.

"பால் எடுத்தனீரோ?"

"கடைசி நாள்தானே அக்கா. இண்டைக்குப் பின்னேரம் சூரன் போர். முடிஞ்சுது."

தலையைப் பூட்டினேன்.

முதல் தடவை நன்றாக வந்தது. இரண்டாம் தடவை அதைவிட நன்றாக வந்தது. தண்ணீர் கொஞ்சங்கூடக் கலங்காமல் பிளந்து, அந்தத் தலை மேலே வந்தபோது கரையில் நின்ற நோர்வேக்காரி ஒருத்தி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. நான் தைத்த கழுத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

இயக்குநர் இன்னொரு தடவை என்றார். கரைக்குக் கூட்டிவர நேரமில்லை, தண்ணீரிலேயே நிற்கட்டும் என்றார்கள். நான் நெஞ்சளவு தண்ணீரில் பாலனுக்குப் பின்னால் போய், முதுகில் கை வைத்து, பூதத்தின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். வாயில் ஒரு வலை இருக்கும். அதற்குள்ளால்தான் அவர் மூச்சும் குரலும் வரும்.

"தம்பி, சுகமோ?"

"ஓம் அக்கா, சுகம்."

ஒவ்வொரு தடவையும் நான் கேட்பது அதுதான். அவர் சொல்வதும் அதுதான். அன்றைக்கும் அதையே சொன்னார். ஆனால் மறுமொழி சுணங்கி வந்தது. குளிரில் வாய் விறைத்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் விடவில்லை. வேறொரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, மகளுக்கு என்ன பேர்?"

வலைக்குள்ளால் மூச்சு வந்தது.

"ஓம் அக்கா, சுகம்."

திரும்பக் கேட்டேன். "பிள்ளையின்ர பேர் என்ன, சொல்லும்."

"சுகம் அக்கா."

கரையிலிருந்து ஒலிபெருக்கி, உடுப்புப் பகுதி விலகட்டும் என்றது. முதலாவது உதவி இயக்குநர் ஒரு நியூசிலாந்துப் பெண். நேர்மையான பிள்ளை, அன்று முழுக்குழுவின் சுமையும் அவள் தோளில் இருந்தது. நான் விலகவில்லை. மறுபடியும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கையை எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். கமராவுக்கு நேரே, மூடுபனிக்கு நடுவில், பூதத்துக்குப் பின்னால் மழைக்கோட்டோடு ஒரு பொம்பிளை நிற்கிறாள். இயக்குநர் தலையில் கை வைத்ததைக் கண்டேன்.

அவள் தண்ணீருக்குள் இறங்கி எங்களிடம் வந்தாள்.

"என்ன பிரச்சினை?"

"இவருக்குச் சரியில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"கை தூக்கவில்லையே."

"தூக்க வேணும் எண்டே இவருக்கு இப்ப தெரியாது."

அவள் பூதத்தின் முகத்தைப் பார்த்து, "பாலன், ஓகேயா?" என்று கேட்டாள். அந்த நீண்ட ரப்பர்ப் பெருவிரல் மெல்ல மேலே எழும்பி நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தயவுசெய்து என்று கேட்பது போலப் பார்த்தாள். "அவரே ஓகே என்கிறார். பனி போகுது."

பனி போய்க்கொண்டுதான் இருந்தது. அக்கரையில் மரங்களின் கால்கள் தெரியத் தொடங்கின. என்னிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கை முறித்தால் அவருடைய நேர்த்திக்கடன் கெட்டுப்போகும். அந்தப் பிள்ளையின் விசா அதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் நம்புகிறார். நம்பிக்கை இல்லாத ஒருவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அப்படி இல்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நம்பினேன்.

அப்போது சூரனைத்தான் நினைத்தேன். அவ்வளவு அநியாயம் செய்தவனை முருகன் சாகவிடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தன்னோடு வைத்துக்கொண்டார். அவர், தனக்கு விரதம் பிடித்தவனின் உயிரைக் கேட்பாரா?

"இவர் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. ஒலிபெருக்கியைத் தூக்கினாள். ஆனால் அதற்குள் கரையில் வேறு யாரோ, நாங்கள் பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்து, தயார் என்று கத்திவிட்டார்கள். பாலன் அந்தச் சொல்லுக்குப் பழகியவர். அவர் கால்கள் தாமாக நடக்கத் தொடங்கின. நான் பட்டியைப் பிடித்தேன். பாசி வழுக்கியது. இரண்டு எட்டு வைத்திருப்பார், பள்ளத்தில் இறங்கித் தலையோடு மறைந்துவிட்டார்.

தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு குமிழிகூட இல்லை. கரையில் யாரும் அசையவில்லை. காட்சி நன்றாக வருகிறது என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. ரப்பர்க் காற்சட்டைக்குள் குளம் முழுவதும் வந்து நிரம்பியது போல இருந்தது. முருகா என்று இறங்கினேன். தண்ணீர் என் வாய்க்கு வந்த இடத்தில் பொய்மயிர் கையில் தட்டுப்பட்டது. அதைப் பற்றி இழுத்தேன். தலை மட்டும் மேலே வந்தது, மூக்களவுக்கு. உடல் பாறாங்கல்லாகக் கிடந்தது. முக்குளிப்பவர் கீழே போய் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டார். முதலாவது உதவி இயக்குநர் என்னைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். அவள்தான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியது.

கொக்கிகளைத் தேடினால் மயிரும் நாரும் சுற்றிக்கொண்டு கிடந்தன. காய்ந்து கிடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற கொக்கிகள். விரல் விறைத்துப்போயிற்று. முகத்துக்குள் தண்ணீர் நிற்கிறது, வலை அதை வெளியே விடவில்லை. இடுப்பில் நாடாவில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தேன். கழுத்தின் முன்பக்கத்தில், சுருக்கம் விழக்கூடாது என்று ஒற்றை நூலால் தைத்த இடம் எனக்குத் தெரியும். அந்த உடுப்பு ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று இல்லை. நாடிக்குக் கீழே குத்தி, நெஞ்சுவரை வெட்டினேன். தண்ணீர் கொட்டியது. பூதத்தின் முகத்தை மேலே மடித்துத் தள்ளினேன். பாலனின் முகம் வெளியே வந்தது, நீலமாக. பிறகு இருமினார். அந்த இருமலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

கூடாரத்தில் அவரைக் கம்பளிகளால் சுற்றி, வெந்நீர்ப் பைகளை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. இது எங்கே, நான் யார் என்று ரீட்டா கேட்டதற்குச் சரியாகச் சொன்னார். ஆள் தப்பிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் ரீட்டா என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

"அக்கா, சக்கரை ரொம்பக் கீழ இறங்கிருச்சு. ஆம்புலன்ஸ் இந்தக் காட்டு ரோட்டுல வந்து சேர நேரமாகும். ஊசி எங்கிட்ட இல்ல. இனிப்பு இப்பவே உள்ள போகணும். கப்பக் கிட்டக் கொண்டு போனா வாய இறுக்கி மூடிக்கிறாரு. மறுபடி மயங்கிட்டா வாயிலயும் குடுக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

போய்ப் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, குடியும்."

இல்லை என்று தலை அசைந்தது.

ரீட்டா சொன்னார், "நாங்களும் ஈஸ்டருக்கு முன்ன நோன்பு இருப்போம்ங்க. சீக்காளிக்கெல்லாம் சாமி மன்னிச்சுருவாரு. குடிங்க லா."

அவர் ரீட்டாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பற்கள் அடித்துக்கொண்டன. "சொல்லமாட்டன் எண்டனீங்கள்" என்றார்.

கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்து மூடினேன்.

"பின்னேரம் வரைதான் அக்கா. இன்னும் கொஞ்ச நேரம். அதுக்கிடையில உந்தத் தேத்தண்ணியைக் குடிச்சால் இவ்வளவு நாளும் இருந்தது எல்லாம்..." முடிக்காமல் கண்ணை மூடினார். கண் மூடுவதைக் கண்டதும் ரீட்டா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கதைத்துக்கொண்டு இருக்க நேரமில்லை என்று விளங்கியது.

ரீட்டாவின் கையிலிருந்து அந்தத் தேத்தண்ணிக் கப்பை வாங்கினேன்.

"தம்பி, கண்ணைத் திறந்து என்னைப் பாரும்."

திறந்தார். அவர் பார்க்க, நான் குடித்தேன். சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. பாதிவரை குடித்தேன். வெறும் வயிற்றுக்குள் அது சுட்டுக்கொண்டு இறங்கியது. மகனின் முகம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது.

"நானும் முறிச்சிட்டன். கலியாணம் முடிச்ச வருசத்திலயிருந்து பிடிச்ச விரதம். இனி நீர் குடிச்சாலும் குடிக்காட்டிலும் என்ர முறிஞ்சதுதான். முருகனுக்கு முன்னால என்னைத் தனியா நிப்பாட்டிப்போடாதையும். கேட்டால் இரண்டு பேருமாச் சொல்லுவம்."

என் மகன் எப்படிப் பிறந்தான் என்று அவருக்குத் தெரியும். மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏனக்கா" என்றார். அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்கு வாய் திறந்தது. ரீட்டா விடவில்லை, கப்பைச் சரித்துவிட்டார். முதல் மிடறு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதை அவரே கேட்டு வாங்கினார்.

இயக்குநர் ஈரச் சப்பாத்துகளோடு கூடார வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அன்று இழந்தது சின்ன விஷயம் இல்லை. மூடுபனியும் போயிற்று, உடுப்பும் கிழிந்துபோயிற்று. என்ன நடக்கிறது என்று ரீட்டாவிடம் கேட்டார். மனைவிக்கும் பிள்ளைக்கும் வேண்டிப் பட்டினி கிடந்தாராம் என்று ரீட்டா சொன்னார். அவர் தன் கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேலால் கழற்றி, குனிந்து, பாலனின் பாதங்களை அதால் சுற்றிவிட்டுப் போனார். படத்தில் இரண்டாம் தடவை எடுத்த காட்சியையே வைத்தார்களாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, உங்களிடம் இப்போது வானொலிக் கருவிகளும் பாதுகாப்பு அதிகாரிகளும் இருக்கிறார்கள். நல்லது. ஆனாலும் உடுப்புக்குள் இருப்பவர், தனக்குப் பழகிய கேள்விக்குப் பழகிய மறுமொழியைத்தான் தருவார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைக் கேளுங்கள். கூடவே, நல்ல காரணத்துக்காக மறைக்கப்படும் விஷயம்தான் அதிகம் ஆபத்தானது, ஏனென்றால் அதை மறைக்க நல்ல மனிதர்கள் துணை போவார்கள். உங்களிடம் யாராவது இரகசியம் தந்தால், அது அவருடைய மூச்சோடு சம்பந்தப்பட்டதா என்று முதலில் பாருங்கள். மூச்சோடு சம்பந்தப்பட்டது என்றால் அது இரகசியம் இல்லை.

பாலனை ஆஸ்பத்திரியில் ஓரிரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த மாதம் விசா வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அந்தக் காலம் முழுவதும் அவர் என்னைக் கண்டால் குனிந்துகொண்டு போவார், நானும் குனிந்துகொள்வேன். விசா சுணங்கித்தான் வந்தது. மனைவியையும் ஆரணியையும் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகக் கார் தேவைப்பட்டபோது எங்கள் வீட்டுக்குத்தான் போன் எடுத்தார்.

அந்த ஆறாம் நாள் பின்னேரம் மண்டபத்துக்குப் போனேன். போகாமல் இருக்க மனம் வரவில்லை. சூரன் போர் தொடங்கப் போகிறது. அட்டையில் செய்த சூரனைத் தூக்கி ஆட்டுவதற்கு ஆட்கள் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றார்கள். விரதக்காரர் எல்லோரும் சுவாமிக்குக் கிட்ட ஒரு பக்கமாக நின்றார்கள். ஒவ்வொரு வருடமும் என் இடம் அங்கேதான். நான் மற்றப் பக்கம், கதவடியில் போய் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். என் கணவர் சனத்துக்குள்ளால் விலத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏன் இஞ்சால நிக்கிறீர்?"

"தேத்தண்ணி குடிச்சிட்டன்."

என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இவரும் அதே ஆறு நாளும் என்னோடு விரதம் இருந்தவர், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட எடுக்காதவர். விரதக்காரர் பக்கம் திரும்பிப் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கதவடியில் என் பக்கத்திலேயே நின்று கும்பிட்டார்.